சீமைப் பனிச்சையின் முதற்பலன்

"ஏட்டி, இது காய்க்குத வரைக்கும் நீ இந்த வீட்டுல இருப்பியா?"

சாலோமி குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அருமைநாயகம் கேட்ட கேள்வி இது. அவள் புருஷன் பாக்கியசீலனுக்கு மூத்தவன் அவன். அவளுக்குக் கல்யாணம் ஆகி எட்டு நாள்கூட முடியவில்லை. கட்டியிருந்த சேலையில் கஞ்சி விறைப்பு இன்னும் போகவில்லை. அவள் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். யாருக்குமே சட்டென்று பதில் சொல்லுகிறவள் இல்லை சாலோமி. வார்த்தை தொண்டைவரைக்கும் ஏறி வரும், அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம், தை மாசம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, படிப்பு முடிந்த பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலையில் இருந்தவள் அவள். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கெல்லாம் தையல் பெட்டி கொடுத்து அனுப்புகிற வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, இவளுக்கு மட்டும் குன்னூரிலிருந்து வரவழைத்த ஒரு குச்சியைக் கொடுத்தாள். ஒரு இலை கிடையாது. வேரைச் சுற்றி ஈரச் சாக்கு. அடியில் ஓரிடத்தில் விரல் வீங்கினது மாதிரி ஒரு ஒட்டுத் தழும்பு.

"கீழே இருப்பது உங்கள் ஆற்றங்கரையில் நிற்கிற பனிச்சை. மேலே இருப்பது கடல் தாண்டி வந்த பெர்சிமன். தழும்புக்குக் கீழே துளிர்ப்பது உன் மரம் இல்லை, கிள்ளிப் போட்டுவிடு" என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். எவ்வளவு ஆழம் குழி, எவ்வளவு சாம்பல், எல்லாம் சொன்னாள். பழத்தை எப்படித் தின்பது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வெயில் காட்டில் அது பிழைத்துக் காய்க்கும் என்று அவளுக்கே நம்பிக்கை இருந்திருக்காது.

சாலோமி அதற்குச் சீமைப் பனிச்சை என்று பெயர் வைத்தாள். ஊர் ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. முன்பக்கம் அருமைநாயகமும் அவன் பெண்சாதி சாரம்மாளும். பின்கட்டும் அதை ஒட்டின தோட்டமும் பாக்கியசீலன் பங்கு என்று அவர்கள் தகப்பனார் சாகும்போது வாயால் சொன்னதோடு சரி, எழுத்து கிடையாது. குளிக்கிற தண்ணீர் ஓடி வருகிற மூலையில் இரண்டு முழம் தோண்டி, ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் போட்டு, தழும்பு மண்ணுக்கு வெளியே தெரிகிறபடி குச்சியை நட்டாள்.

"பொண்ணு வீட்டுச் சீதனத்தைப் பாத்தியளா? விளக்குமாத்துக் குச்சி" என்று சாரம்மாள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். அது எப்படிப் போனது என்று கேட்கிற அவசியம் சாலோமிக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் அருமைநாயகம் அடிக்கிற சத்தம் வாரத்தில் இரண்டு நாளாவது கேட்கும். முதலில் பாத்திரம் உருளும். பிறகு சாரம்மாள் குரல் இல்லாமல் மூச்சை மட்டும் இழுப்பது கேட்கும்.

பங்குனியில் குச்சி துளிர்த்தது. அடுத்த தையில் இலையெல்லாம் ரத்தச் சிவப்பாகி ஒன்றுவிடாமல் உதிர்ந்தது. "செத்துட்டுலே, தம்பி! அடுப்புக்கு வெட்டிக் குடு" என்றான் அருமைநாயகம். சாலோமி நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை. யாரிடமும் சொல்லவில்லை. பங்குனியில் மரமே சொல்லிற்று.

அந்தக் கோடையில் கிணறு வற்றிப் போய் அடியில் கலங்கல் கிடந்தது. பாக்கியசீலன் ஒரு வாளி இறைத்து மரத்துக்கு ஊற்றினான். அருமைநாயகம் வயலிலிருந்து வந்து, ஈரமான மண்ணைப் பார்த்தான். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் மரக் காம்பால் தம்பியின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டான். சுள்ளி ஒடிகிற சத்தம். பாக்கியசீலன் வாளியோடு உட்கார்ந்துவிட்டான்.

"என் மாடு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கி. நீ குச்சிக்கு ஊத்துதியாலே?"

கட்டு அவிழ்த்தபோது கை கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அடுத்த இரண்டு வருஷமும் பாக்கியசீலன் மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டினான். அவனும் அவளைப் போலப் பேசாதவன். சாயங்காலம் இருவரும் மரத்தடியில் நின்று புதுக் கொம்பு எத்தனை விரல் வளர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். அதுவே அவர்களுக்குப் பேச்சு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் வாந்திபேதி வந்தது. காலையில் வயிறு கலங்கிய பாக்கியசீலனைப் பொழுது சாய மண்ணில் வைத்தார்கள்.

நாற்பது நாள் கழிந்து, கோயில் முற்றத்தில் சபையார் கூடினார்கள். உபதேசியார் தேவமணி நடுவே உட்கார்ந்திருந்தார். சாலோமியைப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அருமைநாயகத்தின் பேச்சு. பிறந்த ஊர் வள்ளியூர். அங்கே இருந்தது ஒரே ஒரு அண்ணன். அவன் எழுதின கடிதம் சாலோமியின் இடுப்பில் இருந்தது. 'இங்கே வருகிற எண்ணம் வேண்டாம்' என்பதுதான் அதில் முக்கால்வாசியும்.

"அவளுக்குன்னு தோட்டப் பங்கு இருக்கே, நாயகம்" என்றார் தேவமணி.

"தோட்டமா? அங்கன என்ன விளையுது, உபதேசியாரே? ஒரு குச்சி நிக்கி." அருமைநாயகம் சுற்றிலும் பார்த்தான். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அவனுக்கு ஏறிவிட்டது. "சரி, இப்படி வச்சுக்கிடுவோம். அந்தச் சீமை மரம் பழம் காய்ச்சு, அதை முதற்பலனா அவ பீடத்துல கொண்டாந்து வைக்கட்டும். தோட்டத்தையும் பின்கட்டையும் அவளுக்கே விட்டுருதேன். காய்க்கலைன்னா வள்ளியூருக்கு வண்டி கட்டுதேன். மரம் நட்ட ஏழாம் வருஷ ஸ்தோத்திரப் பண்டிகை வரைக்கும் தவணை. போதுமா?"

எகத்தாளத்துக்குச் சொன்னான். தேவமணி சபைப் புத்தகத்தைத் திறந்து அப்படியே எழுதினார். எழுதி வாசித்துக் காட்டி, மைப்புட்டியை நீட்டினார். நாலு பேர் முன்னால் பின்வாங்க முடியாமல் அருமைநாயகம் கட்டைவிரலை அமுக்கினான். அமுக்கின விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே சாலோமியைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் அரிவாளோடு வந்தான். சாலோமி ஓடிப்போய்ச் சேருவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. அடிக்கட்டை மேலே விழுந்து மறித்தவளை விலாவில் உதைத்துத் தள்ளினான். "மரம் நிக்கணும்னு எவன் எழுதுனான்? காய்க்கணும்னுதான எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அவள் தவழ்ந்து போய் அடிக்கட்டையில் விரல்களை வைத்து அளந்தாள். தழும்புக்கு மேலே நாலு விரல் மிச்சம் இருந்தது. தழும்புக்குக் கீழே வெட்டியிருந்தானானால் மிஞ்சியது ஆற்றங்கரைப் பனிச்சை மட்டுமாகத்தான் இருந்திருக்கும். வெட்டின வாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பினாள். சுற்றிலும் உடைமுள்ளை வெட்டிவந்து வேலி போட்டாள். கையெல்லாம் கிழிந்தது. பங்குனியில் மூன்று கொம்பு வெடித்தன. திடமானதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்தாள்.

அடுத்த வருஷம் அவன் காளையை அவிழ்த்துவிட்டான். அது வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு துளிர்த்த கொம்பைத் தின்ன வந்தது. சாலோமி உலக்கையை எடுத்து அதன் மூக்கில் அடித்தாள். காளை கத்திக்கொண்டு திரும்பிற்று. அருமைநாயகம் அதே உலக்கையைப் பிடுங்கி அவள் முதுகில் இறக்கினான். இரண்டு மாசம் அவளால் நிமிர்ந்து மூச்சுவிட முடியவில்லை. சாரம்மாள் கொல்லையோரம் வந்து நின்று, "ஏளா, ஒரு மரத்துக்காவா இப்பிடிச் சாவுத?" என்று கேட்டாள். சாலோமி அவளுடைய பல் இல்லாத இடத்தையே பார்த்தாள். சாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நட்ட ஏழாம் வருஷம் மரம் பூத்தது. இலைக்கு அடியில் மறைந்துகொண்டு, மெழுகு நிறத்தில் ஒன்பது பூ. மழையில் பிஞ்சு ஐந்து கொட்டிப் போயிற்று. நாலு நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை தைத்துப் போட்டாள். ஐப்பசி பிறந்தபோது பையைத் திறந்து பார்த்தாள். செங்காவி நிறம், மினுமினுப்பு, தலையில் நாலு இதழ்க் குல்லா. அப்படி ஒரு காயை ஊரில் யாரும் கண்டதில்லை. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. சாரம்மாளும் வந்தாள். "நெசமாவே காய்ச்சிட்டா?" என்று கேட்டுவிட்டு விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. பீடத்தில் வைக்கிறது ஊனமில்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சபையில் வழக்கம். கனிந்த வாழைப்பழத்தைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அரைப் பழுப்புக் குலைதான் வேண்டும். அதனால் சாலோமி சனிக்கிழமையே, கூழாங்கல் மாதிரி இருக்கும்போதே நாலையும் பறித்தாள். காலையில் தட்டில் எடுத்து அடுக்கும்போது மூன்றுதான் இருந்தது. அணில் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தாள். மூன்று போதும். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்தாள்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம். பூசணி, சேவல், நெல்லுக் கதிர், கருப்பட்டி என்று முதற்பலன் எல்லாம் ஏலம் போகும். கிடைக்கிற பணம் சபைக்கு. தட்டு வந்ததும் அருமைநாயகம் ஒரு கிடாரிக் கன்றின் விலையைச் சொன்னான். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

"என் வீட்டு மண்ணுல விளைஞ்சது. நான்தாம் மொதல்ல திம்பேன்" என்று சொல்லி, மூன்றில் பெரியதை எடுத்துப் பாதியைக் கடித்தான்.

இரண்டு தடவை மென்றான். மூன்றாவதில் முகம் கோணிற்று. வாய்க்குள் ஈரமெல்லாம் வற்றி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு இழுத்துக்கொண்டது. துப்பினான், எச்சில் வரவில்லை. கண்ணில் பயம் தெரிந்தது. அருமைநாயகத்தின் கண்ணில் பயத்தை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"வெசம்!" என்றான், குழறிக்கொண்டு. "வெசம் வச்சுட்டா!"

பிடித்தான் சாலோமியின் மயிரை. மணிக்கூண்டுத் தூணில் அவள் முகத்தை ஒரு இடி இடித்தான். மறுபடி ஒன்று. மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்கு இறங்கிற்று. பெண்கள் அலறினார்கள். நாலு ஆண்கள் சேர்ந்து அவனை இழுக்க, அவன் முழங்கையால் ஒருவனின் உதட்டைக் கிழித்தான். "அண்ணாச்சி, விடும் வே! செத்துரப் போறா!" என்று ஒருவன் கத்தினான். "சாவட்டும்லே! நான் மட்டும் சாவணுமா?"

கீழே விழுந்த பாதிக் காய் புழுதியில் கிடந்தது. சாலோமி தூணைப் பிடித்து எழுந்தாள். நடந்து போய் அதை எடுத்தாள். மண்ணோடு, தன் ரத்தத்தோடு, எல்லாரும் பார்க்க அதைக் கடித்துத் தின்றாள். அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது, தொண்டை அடைத்தது. நிறுத்தவில்லை. குல்லாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் விழுங்கினாள். ஜனம் அவள் விழுவாள் என்று காத்து நின்றது. சேவல்கள் கொக்கரித்தன. அவள் விழவில்லை.

"வெசமில்ல" என்றார் தேவமணி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

அருமைநாயகம் அதற்குள் தண்ணீர் குடித்துத் தேறியிருந்தான். "வெசமில்லேன்னா பழமா? நீரே தின்னு பாரும்." மற்ற இரண்டையும் கத்தியால் கீறினார்கள். சபை மூப்பர்கள் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுவிட்டு, ஓடிப்போய்த் துப்பினார்கள். கூட்டத்தில் ஒருவன், "இது மீன்வலைக்குச் சாறு பூசுத பனிச்சங்காயில்லா! இதைத் திங்கவா ஆறு வருசம் காவ காத்தா?" என்றான். பெரிய சிரிப்பு.

"புத்தகத்தை எடும்" என்றான் அருமைநாயகம். "பழம் காய்ச்சான்னு எழுதியிருக்கு. திங்க முடியாதது பழமாகாது. என்ன சொல்லுதீரு?"

தேவமணி புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் பார்த்தார். அவரும் துப்பினவர்தான். "புதன்கிழமை வண்டி கட்டு" என்றார், சாலோமியின் முகத்தைப் பாராமல்.

புதன்கிழமை காலையில் வாசலில் வண்டி நின்றது. தேவமணியும், அக்கம்பக்கத்தாரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். சாலோமியின் மூட்டை வண்டியில் ஏறியாயிற்று. அவள் மட்டும் ஏறவில்லை. அவள் கண் தோட்டத்துப் பக்கம் இருந்தது. அங்கே அருமைநாயகம் கோடாலியோடு வேலி முள்ளை மிதித்து ஒதுக்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை குனிந்து, தழும்புக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஓடினாள். ஓங்கின கோடாலிக்கும் மரத்துக்கும் நடுவே போய் விழுந்து கட்டிக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை, அல்லது நிறுத்த முடியவில்லை. வெட்டு இலக்குத் தப்பி மேலே ஏறிற்று. அவள் முன்கைச் சதையைக் கிழித்துக்கொண்டு தழும்புக்கு மேலே மரத்தில் பாய்ந்து நின்றது கோடாலி. ரத்தம் அடிமரத்தில் வழிந்து பாத்திக்குள் இறங்கிற்று. அவளுக்கு வலி தெரியவில்லை. பிடியை விடவும் இல்லை.

"கையை எடுட்டி! எடுக்கலைன்னா கையோட வெட்டுவேன்!" அவன் காலை மரத்தில் ஊன்றிக் கோடாலியை உருவப் பார்த்தான். அது வரவில்லை. ஜனம் வேலிக்கு அந்தப்பக்கமே நின்றது. கோடாலி பிடித்தவன் கிட்டே போக யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போதுதான் பின்கதவு வழியாகச் சாரம்மாள் வந்தாள். கையில் என்னவோ ஒழுகிற்று. வாயைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் பிசுபிசுப்பு. அவள் மென்றுகொண்டே நடந்து வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் எடுத்து, மாங்காயைப் பழுக்கப்போடுகிற மாதிரி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த நாலாவது காய் அது. சபையில் நடந்ததைப் பார்த்து அதைத் தொடப் பயந்து மூன்று நாள் அப்படியே விட்டிருந்தாள். இன்றைக்கு உலைக்கு அரிசி எடுக்கக் கையை விட்டபோது விரல் அதற்குள் பொதக்கென்று இறங்கிவிட்டது. விரலை நக்கினாள். பிறகு பாதியைத் தின்றுவிட்டாள்.

"என்னட்டி அது வாயில? துப்பு!" என்றான் அருமைநாயகம்.

சாரம்மாள் துப்பவில்லை. அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவன் இரண்டு கையும் கோடாலிக் காம்பில் இருந்தது. கத்தத் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. அவள் கையில் மிச்சம் இருந்ததைக் குல்லாவோடு சேர்த்து அந்த வாய்க்குள் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அவன் தலையை உதறினான். அவள் பிடரியில் இன்னொரு கையைக் கொடுத்து இன்னும் அழுத்தினாள். சாறு அவன் தாடையில், கழுத்தில், மார்பு மயிரில் வழிந்தது.

"முழுங்கு" என்றாள். "ஒனக்காவ என்னத்தையெல்லாம் நான் முழுங்கியிருக்கேன். நீ இதை முழுங்கு."

அவன் உதறுவது மெல்ல நின்றது. கண் மூடித் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியதை வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவனை அறியாமல் நாக்கு வெளியே வந்து உதட்டோரத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

சாரம்மாள் கையை எடுத்தாள். தேவமணி வேலியைத் தாண்டி வந்து, அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது அவருக்கு.

"பழந்தாம்" என்றார். "தேன் மாதிரி இருக்கு, நாயகம். நாமதாம் கனிய விடாம அவசரப்பட்டுட்டோம். வண்டியிலிருந்து மூட்டையை இறக்குங்க."

இனி அவன் அடிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாலோமியும் நினைத்தாள். அவன் கை தூக்கினால் சாரம்மாள் வழக்கமாக முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொள்வாள். இன்றைக்கு மறைக்கவில்லை. பிசுபிசுத்த கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரு பல் இல்லாத வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் முந்தானையைக் கிழித்துச் சாலோமியின் கையில் சுற்ற ஆரம்பித்தாள். "பைய, பைய. கையை விடுளா. மரம் எங்கயும் போவாது."

சாலோமி ஒவ்வொரு விரலாக மரத்திலிருந்து எடுத்தாள்.

அருமைநாயகம் கோடாலிக் காம்பை விட்டான். அது மரத்திலேயே நின்றது. கீழே கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைக்கப் போனவன், துடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டான். ஒதுக்கின முள்ளைத் தாண்டி, வழிவிட்ட ஜனத்தின் நடுவே புகுந்து, வாசலில் நின்ற வண்டியைக் கடந்து, தெருவில் இறங்கிப் போனான்.